பெரிய டாக்டருக்கு நான் போட்ட பூஜ்யம்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். "அம்மா, பெரம்பலூர்ல பேசிக்கிறாங்களாம். அந்தப் பெரிய டாக்டரை நீ பழி வாங்கத்தான் ஃபெயில் பண்ணினியாம். நெசமா?" என்று கேட்டாய். உன் குரலில் பயம் இருந்தது. திங்கட்கிழமை அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டராகச் சேரப்போகிறவன், அம்மா பெயர் கெட்டால் நம் பெயரும் கெடுமே என்று நினைத்திருப்பாய். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். நீ கேட்டதற்குப் பதில், ஆமாம். பழி வாங்கத்தான். ஏழு வருஷம் காத்திருந்து செய்தேன். ஆனால் நான் போட்ட மதிப்பெண்ணில் ஒரு பொய்யும் கிடையாது. இது இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று உனக்குச் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் நடுவிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வெட்டிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படி.

உன் அப்பாவிலிருந்து தொடங்குகிறேன். செந்துறை – அரியலூர் பஸ்ஸில் அவர் கண்டக்டராக இருந்தபோது ஒரு நாள் நீயும் நானும் அதே பஸ்ஸில் வந்தோம். நீ நான்காம் வகுப்பு. கூட்டத்துக்கு நடுவில் ஒரு கர்ப்பிணிப் பெண் மயங்கி விழுந்துவிட்டாள். "யாராச்சும் தண்ணி குடுங்க" என்று ஆறேழு பேர் கத்தினார்கள். பத்துப் பேர் கையில் பாட்டில் இருந்தது, ஒருவரும் நீட்டவில்லை. உன் அப்பா விசிலை ஊதினார். பஸ் அமைதியானது. "பச்சைச் சட்டை, உங்க பாட்டிலைக் குடுங்க. அம்மா, நீங்க அந்த ஜன்னலைத் தொறங்க. பெரியவரே, கொஞ்சம் எந்திரிங்க, படுக்க வைக்கணும். டிரைவர் அண்ணே, எந்த ஸ்டாப்பிங்லயும் நிக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு விடுங்க." சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை, "ஜன்னல் தொறந்தாச்சா?" என்று கேட்டு, "தொறந்தாச்சு" என்று பதில் வாங்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ நர்சு. நான் எதையாச்சும் விட்டுட்டேனா?" என்றார். இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னேன். உடனே திருப்பினார். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது என்று நினைக்காதே. வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து, "பஸ்ஸு பூரா அப்படிக் கத்துறீங்க, மானம் போவுது" என்று சண்டை போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "யாராச்சும்னு சொன்னா எவனும் நகர மாட்டான்டி. ஆளைக் காட்டிச் சொல்லணும்" என்றார். பத்தாவது தாண்டாத மனிதர். எந்தப் பயிற்சிக்கும் அவர் போனதில்லை.

அவர் போன நாள் உனக்குத் தெரியும், ஆனால் அறைக்குள் நடந்தது தெரியாது. உனக்கு அன்று பிளஸ் டூ செய்முறைத் தேர்வு. முதல் டிரிப் முடிந்து இறங்கும்போதே நெஞ்சு வலி. அரியலூரில் ஒரு ஊசி போட்டு, பெரம்பலூரில் பெரிய தனியார் மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டேதான் வந்தார். அவசரப் பிரிவின் கட்டிலில் மாற்றிப் படுக்க வைத்த கொஞ்ச நேரத்தில் இதயம் நின்றுவிட்டது. என்னைக் கதவோரம் நிறுத்தினார்கள். உள்ளே ஒரு சின்ன வயது டியூட்டி டாக்டர், மூன்று நர்சுகள். நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தவளைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. மீன்சுருட்டி ஜெயந்தி. மாணவியாக என் வார்டில் பயிற்சி எடுத்தவள். நன்றாக அழுத்தினாள், ஆழமாக, சீராக. மானிட்டரில் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கோடு எழும்பியது. நான் குலதெய்வத்தைக் கூப்பிடவில்லை, அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பெரிய டாக்டர் உள்ளே வந்தார். அந்த மருத்துவமனையே அவருடையது. அவர் வந்ததும் என்ன ஆனது தெரியுமா? எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள். காற்றுப் பையை அழுத்திக்கொண்டிருந்தவள் பையை வைத்துவிட்டு ஒதுங்கினாள். ஊசி எடுத்தவள் ஊசியோடு நின்றாள். ஜெயந்தி உன் அப்பாவின் நெஞ்சிலிருந்து கையை எடுத்து, பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு அடி தள்ளி நின்று, "குட் மார்னிங் சார்" என்றாள். அவர், "யாரு கேஸ் இது? எப்ப வந்தாங்க? ஈசிஜி எங்க? யார் அட்மிட் பண்ணது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். டியூட்டி டாக்டர் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். மானிட்டரில் கோடு தரையோடு போய்க்கொண்டிருந்தது. சுவரில் கடிகாரம் இருந்தது. நொடி முள் ஒரு முழுச் சுற்று வந்து, இன்னும் கொஞ்சம் போனது. பிறகு அவரே, "என்ன எல்லாரும் நின்னுட்டு இருக்கீங்க, ஆரம்பிங்க" என்று அதட்டினார். எதனால் நின்றார்கள் என்பதே அவருக்குத் தெரியவில்லை. அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "எல்லாம் பண்ணோம்மா" என்றார்.

எல்லாம் பண்ணோம்! அந்த இரண்டு வார்த்தையைத்தான் ஏழு வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன். அந்த ஒரு நிமிஷம் நிற்காமல் அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று என்னைக் கேட்டால், தெரியாது. பிழைக்காமலும் போயிருக்கலாம். ஆனால் அந்த நிமிஷத்தில் அவருக்கு எதுவும் பண்ணவில்லை என்பது எனக்குத் தெரியும். கேஸ் போடலாமா என்று உன் மாமா கேட்டார். எதை வைத்துப் போடுவது? வணக்கம் சொன்னதற்கு எந்தக் கோர்ட்டில் தண்டனை? அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அந்த மனிதரை விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து நான் விருப்ப ஓய்வு வாங்கியபோது, முதுகு வலி என்று உன்னிடம் சொன்னது பொய். நின்ற இதயத்தை மீட்கும் பயிற்சியை நடத்த ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவசரப் பிரிவு வைத்திருக்கும் மருத்துவமனைகள் அங்கீகாரம் வாங்க, அங்குள்ளவர்கள் இந்தப் பயிற்சியில் தேறிச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அன்றைக்கே மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். என்றைக்காவது ஒரு நாள் அந்த ஆள் இந்தக் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும்.

ஐந்து வருஷம் பெரம்பலூரில் துறையூர் ரோட்டுப் பயிற்சிக் கூடத்தில் பொம்மையோடு குடும்பம் நடத்தினேன். இடுப்பு வரை உள்ள ரப்பர் பொம்மை. அதற்கு நர்சுகள் 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தார்கள், ஊரே சேர்ந்து உபசாரம் பண்ணினாலும் எழுந்திருக்காமல் படுத்திருப்பான் என்பதால். மருந்து அளவுக்கும் கருவிகளுக்கும் வேறு ஆள் மதிப்பெண் போடுவார். குழுத் தலைமைக்கான மதிப்பெண் தாளை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நான்தான் தலைமை என்று சொன்னாரா, பெயர் சொல்லி வேலை கொடுத்தாரா, கொடுத்த வேலை முடிந்ததா என்று பதில் கேட்டு வாங்கினாரா, நெஞ்சை அழுத்துவது நிற்காமல் பார்த்துக்கொண்டாரா, தான் விட்டுவிட்டது ஏதாவது உண்டா என்று குழுவிடம் கேட்டாரா. ஒவ்வொரு வரிக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு. நெஞ்சை அழுத்தும் வரியில் இரண்டு வாங்காதவர் ஃபெயில். அந்தத் தாளை முதன்முதலில் படித்த அன்று கழிவறைக்குப் போய் அழுதேன். உன் அப்பா செந்துறை பஸ்ஸில் அத்தனை வரிக்கும் இரண்டு இரண்டாக வாங்கியிருப்பார். அப்படிப்பட்டவரை, அதில் ஒன்றுகூடத் தேறாத ஒருவர் கையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேனே என்று ஆத்திரம் வந்தது.

போன மாதம் வந்தார். வெள்ளைச் சட்டை, வாசனை, பின்னாலேயே அவருடைய குழு. அதில் ஜெயந்தியும் இருந்தாள். அவள் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் என்னைப் பார்த்து, "யாரும்மா இங்க, நாலு டீ சொல்லுங்க" என்றார். சொன்னேன். சர்க்கரை வேண்டுமா என்றுகூடக் கேட்டேன். அத்தனை சந்தோஷம் எனக்கு. பயிற்சியை நடத்தும் டாக்டரம்மாவிடம், இவருக்கும் எனக்கும் பழைய விஷயம் ஒன்று இருக்கிறது, தாளை வேறு ஆளிடம் கொடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதுதான் முறை. சொல்லவில்லை. அதற்கு மேல் இன்னொன்றும் செய்தேன். பரிசோதனைக்கான நோயாளிக் கதையை எழுதும் வேலை என்னுடையது. ஐம்பத்திரண்டு வயது, தொழில் கண்டக்டர், காலையில் நெஞ்சு வலி, அரியலூரிலிருந்து ஆம்புலன்ஸ் என்று எழுதினேன். குழு ஏற்கெனவே சிகிச்சையைத் தொடங்கியிருக்கும், தலைவர் நடுவில் உள்ளே வர வேண்டும் என்றும் எழுதினேன்.

கதவு திறந்தது. ஜெயந்தி மாப்பிள்ளையின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். அவர் ஒரு அடி எடுத்து வைத்தார். அத்தனை கையும் எழும்பியது. ரப்பர் பொம்மைக்கு முன்னாலும் எழும்பியது, தம்பி! "யாரு கேஸ் இது? ஈசிஜி எங்க?" என்றார். அதே குரல், அதே வரிசை. நான் கைக்கடிகாரத்தில் நொடி எண்ணும் பொத்தானைத் தட்டினேன். பத்து நொடிக்கு மேல் நிற்கக் கூடாது என்பது பாடம். இருபது ஆனது. முப்பது ஆனது. நான் வாயைத் திறந்திருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். திறக்கவில்லை. நாற்பத்தேழாவது நொடியில்தான் அழுத்தச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு நினைவு வந்தது. அந்த நாற்பத்தேழு நொடியும் எனக்குத் தீபாவளி. மருந்தெல்லாம் சரியாகச் சொன்னார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. என் தாளில், நெஞ்சை அழுத்துவது நிற்காமல் பார்த்துக்கொண்டாரா என்ற வரிக்கு நேராகப் பூஜ்யம் போட்டேன். பேனாவை அழுத்தின அழுத்தில் அடுத்த தாளிலும் பதிந்தது.

முடிந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, நடந்ததைப் பேச வேண்டும். அவர் முகம் சிவந்துவிட்டது. "முப்பது வருஷமா எத்தனை பேரைப் பிழைக்க வச்சிருக்கேன். பொம்மையை வச்சுக்கிட்டு நீங்க எனக்குச் சொல்றீங்களா?" என்றார். அவருடைய ஆளை வைத்தே அவரை அடிக்க வேண்டும் என்று திட்டம் வைத்திருந்தேன். ஜெயந்தி பக்கம் திரும்பினேன். "ஏம்மா, நல்லாத்தானே அழுத்திக்கிட்டு இருந்தே. கையை ஏன் எடுத்தே?" சார் திட்டுவார் என்று பயம் என்பாள், அதையும் எழுதிக்கொள்ளலாம் என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். அவள் நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தாள். "சிஸ்டர், நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? பெரிய டாக்டர் வந்தா, என்ன வேலையா இருந்தாலும் கையை எடுத்துட்டு, பின்னாடி கட்டிக்கிட்டு நிக்கணும்னு. உங்க வார்டுல முதல் நாள் சொன்னீங்க."

அவள் சொன்னது உண்மை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது ரவுண்ட்ஸ் வந்த டாக்டருக்கு நான் எழுந்து நிற்கவில்லை. கட்டை முடித்துவிட்டு எழலாம் என்று இருந்தேன். அவர் கேஸ் ஷீட்டை என் முகத்தில் விட்டெறிந்தார். அதற்குப் பிறகு என்னிடம் வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் நாள், முதல் பாடமாக இதைத்தான் சொன்னேன். பிள்ளைகள் அவமானப்படாமல் பிழைத்துக்கொள்ளட்டும் என்ற எண்ணம். நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணம்தான் உன் அப்பாவின் நெஞ்சிலிருந்து ஜெயந்தியின் கையை எடுத்தது. அது மட்டுமில்லை. அன்றைக்குக் கதவோரம் நின்ற நான் என்ன செய்தேன்? இருபத்தைந்து வருஷ அனுபவம் உள்ள நர்சு, "அழுத்துடி ஜெயந்தி" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் அவள் அழுத்தியிருப்பாள். நான் போடவில்லை. பெரிய டாக்டர் உள்ளே வந்ததும் நானும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நேராக நின்றேன். புருஷன் செத்துக்கொண்டிருக்கும்போது மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உனக்குச் சொல்லாமல் இருந்ததற்கு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

அன்று நான் பூஜ்யத்தை மாற்றவில்லை. நான் தப்பு செய்தவள் என்பதால் அவர் செய்தது சரியாகிவிடாது. டாக்டரம்மா, "சிஸ்டர், யோசிச்சுக்கங்க, பெரிய ஆளு" என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வெளியே போனதும் ஜெயந்தி நான் யார் என்று பெரிய டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். அங்கிருந்துதான் பழி வாங்கிவிட்டாள் என்ற பேச்சு கிளம்பி, உன் காது வரை வந்தது. மூன்று வாரம் கழித்து மறு பரிசோதனைக்கு வந்தார். டாக்டரம்மாவுக்கும் விஷயம் தெரிந்துவிட்டதால் தாளை என்னிடமிருந்து வாங்கப் பார்த்தார். பெரிய டாக்டர்தான், "வேணாம், அந்த அம்மாவே போடட்டும்" என்றார். பிறகு என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தக் கண்டக்டர் உங்க வீட்டுக்காரரா?"

"ஆமா சார்."

"பழைய ஃபைல் எல்லாம் எடுத்துப் பார்த்தேம்மா. எனக்கு ஞாபகமே வரல."

இதைவிட அவர் என்னை ஒரு அறை அறைந்திருக்கலாம். ஏழு வருஷம் ஒரு மனிதரை வெறுத்து, அவருக்காக வேலையை விட்டு, அவர் தோற்ற நாளை மூன்று வாரம் மனசுக்குள் திருவிழாவாகக் கொண்டாடியிருக்கிறேன். அவருக்கு உன் அப்பாவின் முகம்கூட நினைவில்லை. "உங்களுக்கு ஞாபகம் இருக்க வேணாம் சார். எனக்கு இருக்கு. உள்ள போங்க" என்றேன்.

அதே கதை, அதே கண்டக்டர். கதவு திறந்தது. ஜெயந்தியின் கை பாதி எழும்பிவிட்டது. அவர் வாசலிலேயே நின்று, "ஜெயந்தி, நான் வந்ததைப் பாக்காத. கையை எடுக்காத. அழுத்து" என்றார். அவள் அழுத்தினாள். அவர் கால்மாட்டில் போய் நின்று, ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி ஒரு வேலை கொடுத்து, பதில் கேட்டு வாங்கினார். கடைசியில், "நான் எதையாச்சும் விட்டுட்டேனா?" என்று கேட்டார். தம்பி, அந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து கேட்டபோது என் உடம்பு எரிந்தது. இவ்வளவுதானே? மூன்று வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடியதுதானே? அதை ஏழு வருஷத்துக்கு முன்னால் கற்றிருக்கக் கூடாதா? நெஞ்சை அழுத்தும் வரிக்கு ஒன்று மட்டும் போட்டு இன்னொரு தடவை அலைய வைக்கலாம் என்று பேனா துடித்தது. போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவள் கை ஒரு இடத்திலும் நிற்கவில்லை, நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். இரண்டு போட்டேன். பூஜ்யம் போட்டதைவிட இதுதான் வலித்தது. மன்னித்துவிட்டேன் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. தெருவில் பார்த்தால் இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஆனால் பாக்கி பழியை வேறு இடத்தில் தீர்த்துக்கொண்டிருக்கிறேன். என் வார்டில் பயிற்சி எடுத்த பெண்கள் ரஞ்சன்குடியிலிருந்து மீன்சுருட்டி வரை, எத்தனையோ மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். தினம் இரண்டு பேருக்குப் போன் செய்கிறேன். "நான் அன்னிக்கு சொல்லிக் குடுத்தது தப்புடி. எவன் வந்தாலும் கையை எடுக்காத" என்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் எனக்கு வயசாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஒருத்தி மட்டும், "இப்ப சொல்றீங்களே சிஸ்டர்" என்று போனை வைத்துவிட்டாள். அவள் யாரை நினைத்துக்கொண்டு வைத்தாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இனி உன் விஷயம். நீ டாக்டர் ஆகி, வெள்ளைக் கோட்டோடு முதல் தடவை வீட்டுக்கு வந்த அன்று, நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். பழக்க தோஷம். நீ பார்த்தாய், சிரித்தாய். "உக்காரும்மா" என்று நீ சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. இப்போது யோசித்தால் பயமாக இருக்கிறது. திங்கட்கிழமை நீ உள்ளே நுழையும்போது உன் அம்மா வயதுப் பெண்கள் எழுந்து நிற்பார்கள். அது உனக்குப் பிடிக்கும். முதல் வாரம் கூச்சமாக இருக்கும், இரண்டாவது மாதம் பழகிவிடும், அதற்குப் பிறகு அவர்கள் கையை எடுத்ததே உன் கண்ணுக்குத் தெரியாது. பெரிய டாக்டரும் பிறக்கும்போதே பெரிய டாக்டராகப் பிறக்கவில்லை.

உன்னையும் இந்தப் பயிற்சிக்கு அனுப்புவார்கள், நீயும் பெரம்பலூருக்குத்தான் வருவாய். தாள் என் கையில்தான் இருக்கும். பெற்றவள் போடக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னால், பக்கத்தில் நின்று பார்ப்பேன். என்ன கேள்வி என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், படித்துக்கொண்டு வா. ஐம்பத்திரண்டு வயது, கண்டக்டர், அரியலூரிலிருந்து வந்த ஆம்புலன்ஸ். நீ கதவைத் திறந்ததும் ஜெயந்தி கையை எடுப்பாள். நானே அவளை அன்றைக்கு வரவழைத்து, எடுக்கச் சொல்லி வைத்திருப்பேன். அந்த நேரத்தில் நீ வாயைத் திறக்காமல் நின்றாய் என்றால், அவருக்குப் போட்ட அதே பூஜ்யத்தை உனக்கும் போட வைப்பேன். அன்றைக்கு வீட்டில் சோறு கிடைக்கும். முகம் கொடுத்துப் பேச மாட்டேன்.

அம்மா